வெயிலுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி



ஆங்கிலக் கட்டுரை நோட்டில் ‘எ ஹாட் டே’ என்னும் தலைப்பைக் கண்டவுடன் நம்மில் பெரும்பாலோர் எழுதும் முதல் வாக்கியம் எது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ‘இட் வாஸ் வெரி வெரி ஹாட்.’ இரண்டாவது வாக்கியத்தில் சூரியன் வரும். மூன்றாவதில் ஐஸ்கிரீம் வரும். நான்காவதில் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டு விடுவோம். வெயிலைப் பற்றிய கட்டுரை அத்துடன் முடிந்துவிடும். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த நமக்கு வெயிலைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதானா இருக்கிறது? ஆங்கிலம் பேசும் நாட்டினர் கடும் வெயிலைப் பற்றி இயல்பாக எப்படிப் பேசுகிறார்கள் என்று நூலகத்திலும் அகராதியிலும் தேடி, ஆங்கில ஆசிரியையிடமும் கேட்டு அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். தமிழ்ப் பகுதிக்கு எழுதுவதால் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தந்துள்ளேன். வாய்விட்டுப் படித்தால் சொல் விளங்கிவிடும்.

முதலில் நம் மொழியைப் பார்ப்போம். வெயில், வெப்பம், சூடு, அனல், வெக்கை, புழுக்கம் என்று எத்தனை சொற்கள் நம்மிடம் உள்ளன! தெருவில் அடிப்பது வெயில். பாத்திரத்தில் இருப்பது சூடு. ஓட்டு வீட்டுக்குள் மாலையில் இறங்குவது வெக்கை. மழை வருவது போல் மூடிக்கொண்டு வராமல் ஏமாற்றும் நாளில் இருப்பது புழுக்கம். இவற்றை ஒன்றுக்கு மற்றொன்றாக நாம் ஒருபோதும் மாற்றிச் சொல்வதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது இவை அத்தனையையும் ‘ஹாட்’ என்னும் ஒரே டப்பாவில் போட்டு மூடிவிடுகிறோம். போதாக்குறைக்குக் குழம்பு காரமாக இருந்தாலும் ஆங்கிலத்தில் ‘ஹாட்’ தான்!

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம்முடைய ‘வெயில்’ என்ற சொல்லுக்குச் சரியான ஒற்றைச் சொல் ஆங்கிலத்தில் இல்லை. வெயில் என்றால் வெளிச்சமும் உண்டு, சூடும் உண்டு. ‘ஸன்ஷைன்’ என்றால் இனிமையான வெளிச்சம் மட்டுமே. அதில் கொடுமை இல்லை. ஆகவே ‘வெயிலில் போகாதே’ என்பதற்கு ‘டோன்ட் கோ அவுட் இன் தி ஸன்’ என்பார்கள். ‘இன்று வெயில் அதிகம்’ என்பதை ‘டுடே ஸன் இஸ் மோர்’ என்று எழுதினால் சூரியன் ஒன்றுக்கு இரண்டாக வந்துவிட்டதோ என்று அவர்கள் விழிப்பார்கள். ‘தி ஸன் இஸ் ஃபியர்ஸ் டுடே’ என்பது இயல்பு.

நிழலிலும் இதே கதைதான், திசை மட்டும் வேறு. நமக்கு நிழல் ஒன்றே. அவர்களுக்கு இரண்டு. ஆளைத் தொடர்ந்து வரும் கறுத்த உருவம் ‘ஷாடோ’. வெயிலுக்கு ஒதுங்க உதவும் குளிர்ந்த இடம் ‘ஷேட்’. வேப்பமரத்தின் ‘ஷாடோ’வில் உட்கார்ந்தோம் என்று எழுதாத மாணவி நம் வகுப்பில் அபூர்வம். மரத்தடியில் இளைப்பாறினால் அது ‘ஷேட்’ தான்.

அடுத்து, வாக்கியத்தின் எழுவாய். தமிழில் வெயில் ஒரு ஆள் போலவே நடந்துகொள்ளும். அடிக்கும், கொளுத்தும், காயும், மண்டையைப் பிளக்கும். ஆங்கிலத்தில் வானிலையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘இட்’ என்ற பெயரில்லாத ஒன்றைக் கொண்டே தொடங்கும். ‘இட்ஸ் ஹாட்’, ‘இட்ஸ் பாய்லிங்’ என்பதில் ‘இட்’ என்பது யார் என்று கேட்கக் கூடாது. கேட்டால் ஆங்கிலேயருக்கே பதில் தெரியாது. ஆயினும் சில இடங்களில் இரு மொழிகளும் கைகோத்துக்கொள்கின்றன. ‘வெயில் அடிக்கிறது’ என்கிறோம் அல்லவா? அவர்களும் ‘தி ஸன் வாஸ் பீட்டிங் டௌன்’ என்றுதான் சொல்கிறார்கள். அடிதான், மேலிருந்து கீழே விழும் அடி. இன்னும் வியப்பானது, அயர்லாந்து மக்கள் நல்ல வெயில் நாளில் ‘தி ஸன் இஸ் ஸ்ப்ளிட்டிங் தி ஸ்டோன்ஸ்’ என்பார்களாம். நம் வெயில் மண்டையைப் பிளக்கிறது. அவர்கள் வெயில் கல்லைப் பிளக்கிறது. அயர்லாந்தில் 30 டிகிரி செல்சியஸ் என்பதே பெரிய செய்தி என்பதை நினைத்தால், கல் சற்று எளிதில் பிளக்கும் கல்லாக இருக்க வேண்டும்!

இனி ‘வெரி ஹாட்’ என்பதற்குப் பதிலாக என்ன சொல்லலாம் என்று பார்ப்போம். ‘பாய்லிங்’, ‘பேக்கிங்’, ‘ரோஸ்டிங்’ ஆகிய மூன்றும் பேச்சில் அன்றாடம் வழங்குபவை. கவனித்தீர்களா? மூன்றும் அடுக்களைச் சொற்கள். கொதிப்பது, அடுப்பிலிட்டுச் சுடுவது, வறுப்பது. அறைக்குள் வெக்கை தாளாவிட்டால் ‘தி ரூம் வாஸ் லைக் அன் அவன்’ என்பார்கள். நாமும் அடுப்புக்குள் இருப்பது போல இருக்கிறது என்கிறோம்; சமையல் செய்கிற எவருக்கும் இந்த உவமை தானாகவே தோன்றும் போலும். ‘ஸ்கார்ச்சிங்’ என்பது துணி மேல் இஸ்திரிப் பெட்டியைச் சற்று நேரம் வைத்துவிட்டால் தீய்கிறதே, அந்தத் தீய்தலைக் குறிக்கும் சொல். ஆகவே பளீரென்று சூரியன் காயும் நடுப்பகலுக்கு அது பொருந்தும். இரவுக்குப் பொருந்தாது. மின்விசிறி நின்றுபோன இரவைச் சொல்ல ‘ஸ்டைஃப்ளிங்’ இருக்கிறது; மூச்சு முட்டுகிறது என்று பொருள்.

இச்சொற்களின் முன்னே ‘வெரி’ வராது. ‘வெரி பாய்லிங்’ என்றால் ‘மிகவும் கொதித்துவிட்டது’ என்பது போல் நகைப்பாகும். கொதித்தது என்றால் கொதித்ததுதானே, அதில் என்ன மிகவும்? அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘ஆப்ஸலூட்லி பாய்லிங்’ என்று சொல்லலாம். ‘டூ ஹாட்’ என்பதையும் ‘வெரி ஹாட்’ என்பதையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. ‘டூ’ என்றால் அளவு மீறியது. ‘இட்ஸ் டூ ஹாட் டு வாக்’ என்றால் நடக்க முடியாத வெயில். பின்னால் ஒரு ‘முடியாது’ மறைந்து நிற்கும் சொல் அது.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ‘ஸ்வெல்ட்டரிங்’. ஆசிரியை இதன் வேரைச் சொன்னபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்வெல்ட்டன்’ என்றால் சாவது என்று பொருளாம். வெயிலில் வாடி உயிர் போவது போல் தளர்வது என்று அது நாளடைவில் மாறி, இன்று கடும் வெக்கையைக் குறிக்கிறது. கதைப் புத்தகங்களில் வரும் ‘ஸல்ட்ரி’ என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. நம் பாட்டிமார் ‘வெக்கையில் உயிர் போகிறது’ என்று சொல்வதை அந்தப் பழைய ஆங்கிலேயர் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்கள்.

புழுக்கத்துக்கு வருவோம். கோவில்பட்டி வெயிலும் தூத்துக்குடி வெயிலும் ஒன்றல்ல என்பதை இரண்டு ஊர்களிலும் உறவினர் உள்ளவர்கள் அறிவார்கள். அங்கே கரிசல் காட்டில் வறண்ட வெயில். சுள்ளென்று சுடும், நிழலில் ஒதுங்கினால் தப்பிக்கலாம். இங்கே கடற்கரையில் காற்று முழுவதும் ஈரம். நிழலில் நின்றாலும் உடம்பு கசகசவென்றிருக்கும். முதலாவது ‘ட்ரை ஹீட்’. இரண்டாவதற்கு ‘ஹ்யூமிட்’ என்பது பாடப்புத்தகச் சொல். பேச்சில் ‘ஸ்டிக்கி’ என்றும் ‘மக்கி’ என்றும் சொல்வார்கள். இங்கிலாந்துக்காரர்கள் இடிமழைக்கு முந்தைய புழுக்கத்தை ‘க்ளோஸ்’ என்பார்கள். ‘இட்ஸ் வெரி க்ளோஸ் டுடே’ என்று யாராவது சொன்னால் எது பக்கத்தில் இருக்கிறது என்று தேடாதீர்கள். நாம் ‘ஒரே இறுக்கமாக இருக்கிறது’ என்கிறோமே, அதுதான்.

இந்த வேறுபாடு வெறும் சொல் வேறுபாடன்று. நம் உடம்பு வியர்வையைக் கொண்டே தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. வியர்வை வழிவதால் குளிர்ச்சி உண்டாவதில்லை. அது ஆவியாகும்போதுதான் உண்டாகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே நின்றுவிடும். ஆகவே 36 டிகிரிப் புழுக்கம் 40 டிகிரி வறண்ட வெயிலைக் காட்டிலும் கொடுமையாக இருக்கலாம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியில் அளக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை எட்டிவிட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் நல்ல உடல்நலமுள்ளவரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்குவது அரிது என்று அறிவியலார் கணித்துள்ளனர். அமெரிக்காவில் வானிலைச் செய்தி சொல்பவர்கள் வெறும் வெப்பநிலையோடு நிறுத்தாமல் ‘இட் ஃபீல்ஸ் லைக்’ இத்தனை டிகிரி என்று சேர்த்துச் சொல்வது இதனால்தான். 1979-இல் ஸ்டெட்மேன் என்பவர் வெளியிட்ட கணக்கு அதற்கு அடிப்படை. ‘ஃபீல்ஸ் லைக்’ என்ற தொடரை நாமும் தாராளமாகப் பயன்படுத்தலாம். தூத்துக்குடிக்கென்றே செய்தது போல் இருக்கிறது.

டிகிரி என்றதும் ஓர் எச்சரிக்கை. நம் தமிழ் நாளிதழ்களில் கோடையில் ‘வேலூரில் 105 டிகிரி’, ‘வெயில் சதம் அடித்தது’ என்று செய்தி வரும். அது பாரன்ஹீட். அதை அப்படியே இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ உள்ள ஒருவருக்குக் கடிதத்தில் எழுதினால் என்ன ஆகும்? அவர்கள் செல்சியஸ் கணக்கில் பழகியவர்கள். செல்சியஸில் 100 டிகிரியில் தண்ணீர் கொதிக்கும். 105 என்றால் வேலூர் மக்கள் ஆவியாகிவிட்டார்கள் என்று பொருள்! 105 பாரன்ஹீட் என்பது ஏறத்தாழ 40.6 செல்சியஸ். அமெரிக்கருக்கு எழுதும்போது மட்டும் பாரன்ஹீட்டைப் பயன்படுத்தலாம். அவர்கள் 90-க்கும் 99-க்கும் இடைப்பட்ட வெப்பத்தை ‘இன் தி நைன்டீஸ்’ என்பார்கள். நூறு தாண்டினால் ‘ட்ரிபிள் டிஜிட்ஸ்’. ஆங்கிலேயர் ‘இன் தி ஹை தர்ட்டீஸ்’ என்று சொன்னால் 37, 38 செல்சியஸ் என்று கொள்ளலாம். இரண்டிலும் துல்லியமான எண் தேவையில்லை என்பது இதன் வசதி.

‘எ ஹண்ட்ரட் இன் தி ஷேட்’ என்று பழைய கதைகளில் படித்திருப்பீர்கள். வெப்பநிலையை வெயிலில் வைத்து அளப்பதில்லை. எப்போதும் நிழலில்தான் அளப்பார்கள். அதற்கென்று கால் வைத்த, பக்கங்களில் சாய்ந்த பலகைத் தட்டிகள் கொண்ட வெள்ளைப் பெட்டி ஒன்று வானிலை நிலையங்களில் இருக்கும். அதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். அதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். ‘ட்ரெஷர் ஐலண்ட்’ கதையை எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் இவருடைய மகனே. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் பதிவான 45 டிகிரி செல்சியஸும் நிழலில் அளந்ததுதான். அன்று வெயிலில் நின்று சாலை போட்டவர்களுக்கு எத்தனை டிகிரி என்று எந்தப் பெட்டியும் சொல்லவில்லை.

ஆங்கிலேயருக்கு வெயில் எத்தகையது என்று தெரிந்தால்தான் அவர்கள் சொற்களின் சுவை விளங்கும். நமக்குச் சூரியன் தினம் வரும் கடன்காரர். அவர்களுக்கு எப்போதாவது வரும் விருந்தாளி. ‘எ ஸ்கார்ச்சர்’ என்று ஒரு நாளைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் பாதி மகிழ்ச்சி இருக்கும். ‘க்ளோரியஸ் வெதர்’ என்பது நமக்கு மேகமூட்டம். அவர்களுக்கு நல்ல வெயில். 1976-இல் இங்கிலாந்தில் ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை பதினைந்து நாட்கள் தொடர்ந்து நாட்டின் ஏதேனும் ஓரிடத்தில் 32 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்தக் கோடையை அங்குள்ள முதியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஆறு, குளம் வறண்டு, வறட்சிக்கென்றே டெனிஸ் ஹோவல் என்பவரை அமைச்சராக நியமித்தார்கள். நியமித்த சில நாட்களிலேயே மழை கொட்டத் தொடங்கிவிட்டது. அத்தகைய அமைச்சர் ஒருவர் நமக்கும் இருந்தால் நல்லதுதான்.

ஆனால் 2022-ஆம் ஆண்டு ஜூலை 19 விளையாட்டன்று. லிங்கன்ஷயர் பகுதியில் உள்ள கானிங்ஸ்பி என்னுமிடத்தில் 40.3 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. இங்கிலாந்தில் 40-ஐத் தாண்டியது அதுவே முதல் முறை. கடும் வெப்பத்துக்கான சிவப்பு எச்சரிக்கையையும் முதன்முதலாக அப்போதுதான் விடுத்தார்கள். குளிரைத் தாங்கவென்று சூட்டை உள்ளே பிடித்துவைக்குமாறு கட்டிய வீடுகள் அவை. அந்தக் கோடையின் வெப்ப அலைகளில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் மட்டும் வழக்கத்தைவிடச் சுமார் 2,800 பேர் கூடுதலாக இறந்தனர் என்று அங்குள்ள சுகாதாரத் துறை கணக்கிட்டது.

அப்போது என் பெரியம்மா மகள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியாகப் பணிக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அன்று பிற்பகல் தாத்தா ஒருவர் அக்காவிடம், ‘இட்ஸ் எ பிட் வார்ம், டியர்’ என்று மட்டும் சொன்னாராம். நாம் படித்த ஆங்கிலத்தில் ‘வார்ம்’ என்றால் வெதுவெதுப்பு. ‘எ பிட்’ என்றால் கொஞ்சம். கொஞ்சம் வெதுவெதுப்பு என்று சொன்னவரைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுப் போயிருக்கலாம். அக்கா அருகில் சென்று நெற்றியைத் தொட்டார்கள். தோல் வறண்டு நெருப்பாய்ச் சுட்டது. கேட்ட கேள்விக்குப் பதில் தடுமாறி வந்தது. உடனே மூத்த செவிலியை அழைத்து, ஈரத்துணி போர்த்தி, விசிறி வைத்து, ஆம்புலன்சுக்கும் சொல்லி அவரைக் காப்பாற்றினார்கள். தொலைபேசியில் இதைச் சொல்லும்போது அக்கா, “ஏட்டி, அந்த ஊர்ப் பெரியவங்க ‘கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கு’ன்னு சொன்னா நம்ம ஊர்ல ‘உசுரு போகுது’ன்னு சொல்றதுக்குச் சமம். நாம கூட்டிச் சொல்லுவோம், அவங்க குறைச்சிச் சொல்லுவாங்க” என்றார்கள். இந்தக் குறைத்துச் சொல்லும் வழக்கம் எந்த இலக்கணப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. நம் பள்ளியில் படித்த அக்காமார் பலர் செவிலியராக வெளிநாடு செல்வதால் இதைச் சற்று விரிவாகவே எழுதினேன்.

மருத்துவர் முன்னிலையில் சொல் பிழைத்தால் ஆபத்து. நாம் ‘உடம்பு சூடு’ என்று சொல்வதை ‘பாடி ஹீட்’ என்று மொழிபெயர்த்துச் சொன்னால் வெளிநாட்டு மருத்துவருக்கு ஒன்றும் புரியாது; காய்ச்சலா என்று கேட்பார். கண் எரிச்சல் என்றோ வாய்ப்புண் என்றோ, உள்ளதை உள்ளபடி சொல்வதே வழி. வேர்க்குருவுக்கு ‘ப்ரிக்லி ஹீட்’ என்று பெயர்; குத்தும் சூடு, அழகான சொல். நா வறண்டுவிட்டால் ‘ஐ ஆம் பார்ச்ட்’ எனலாம். வெயிலில் களைத்து, நிறைய வியர்த்து, தலைசுற்றினால் அது ‘ஹீட் எக்ஸாஸ்ஷன்’. நிழலில் படுக்கவைத்து நீர் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டி, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது ‘ஹீட் ஸ்ட்ரோக்’. அது உயிருக்கு ஆபத்து. உடனே 108-ஐ அழைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ‘ஸன் ஸ்ட்ரோக்’ என்றும் சொல்வதுண்டு. ஆனால் வெயிலே படாமல் தகரக் கொட்டகைக்குள் இருப்பவருக்கும் இது வரும் என்பதால் முன்னைய பெயரே பொருத்தம்.

அக்கினி நட்சத்திரத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று பலரும் கேட்கிறார்கள். ‘ஃபயர் ஸ்டார்’ என்று எழுதினால் ஏதோ பட்டாசுக் கம்பெனி என்று நினைப்பார்கள். ஆங்கிலத்தில் ‘டாக் டேய்ஸ்’ என்று ஒன்று உண்டு. ஜூலை தொடக்கத்திலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரையிலான வெக்கை நாட்கள் அவை. நாய் நாக்கைத் தொங்கவிடுவதால் அந்தப் பெயர் என்றே நான் நினைத்திருந்தேன். உண்மையில் நாய் விண்மீன் எனப்படும் சிரியஸ் சூரியனோடு சேர்ந்து உதிக்கும் காலம் என்பதால் பண்டைய ரோமானியர் இட்ட பெயராம். நமக்கோ சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டிச் செல்லும் மே மாத நாட்கள். இரு நாட்டாரும் வெயிலுக்கு ஒரு விண்மீனைக் குற்றவாளியாக்கியிருக்கிறார்கள்! மெய்யான காரணம் நம் பூகோளப் பாடத்தில் இருக்கிறது. சென்னைக்கு நேர் மேலே சூரியன் வருவது ஏப்ரல் கடைசி வாரத்தில். தரை சூடேறித் திரும்ப வெளியிடச் சில வாரங்கள் ஆகும். நம் மே மாதத்தை ‘டாக் டேய்ஸ்’ என்று மாற்றி எழுதுவதைவிட, அக்கினி நட்சத்திரம் என்ற பெயரையே எழுதி, ‘தி ஹாட்டஸ்ட் வீக்ஸ் ஆஃப் தி இயர்’ என்று பக்கத்தில் விளக்குவது நன்று. இன்னொன்று: ‘இந்தியன் ஸம்மர்’ என்பது இந்தியாவின் கோடை அன்று. இலையுதிர் காலத்தில் எதிர்பாராமல் வந்து போகும் இளஞ்சூட்டு நாட்களுக்கு அமெரிக்காவில் தோன்றிய பெயர் அது. ‘ஐ ஆம் ஸஃபரிங் ஃப்ரம் தி இந்தியன் ஸம்மர்’ என்று எழுதினால் அனுதாபம் கிடைக்காது.

சொற்களில் மட்டுமல்ல, உவமையிலும் வெயில் புகுந்து விளையாடுகிறது. நமக்கு நல்லதெல்லாம் குளிர்ச்சி. உள்ளம் குளிர்ந்தது, கண் குளிரக் கண்டோம் என்கிறோம். கோபமும் பொறாமையும் சூடு. வயிறு எரிகிறது என்கிறோம். குளிர் நாட்டு ஆங்கிலேயருக்கு இது தலைகீழ். அன்பானவர் ‘வார்ம் ஹார்ட்டட்’. கல்நெஞ்சர் ‘கோல்ட் ஹார்ட்டட்’. ஆகவே ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினருக்கு ‘வார்ம் வெல்கம்’ என்றுதான் சொல்ல வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் வந்திறங்கிய மனிதருக்கு நாம் கொடுக்க விரும்புவது குளிர்ந்த வரவேற்புதான். ஆனால் ‘கூல் வெல்கம்’ என்று அறிவித்தால் அவர் வந்த வழியே திரும்பிவிடலாம்.

நம் நாட்டிலிருந்தும் சில வெயில் சொற்கள் ஆங்கிலத்துக்குப் போயிருக்கின்றன. கூரையில் கட்டி இழுக்கும் விசிறி ‘பங்கா’. நனைத்துத் தொங்கவிடும் வெட்டிவேர்த் தட்டி ‘டாட்டி’. வடநாட்டு அனல்காற்று ‘லூ’. இந்தக் கடைசிச் சொல்லை இங்கிலாந்தில் சொல்லும்போது மட்டும் கவனம் தேவை. அங்கே அது வீட்டின் ஒரு சிறிய அறையின் பெயர்.

இவ்வளவும் படித்தபின் எனக்கு ஓர் ஆசை வந்தது. எங்கள் அம்மா உப்பளத்தில் வேலை பார்க்கிறார்கள். கட்டுரைப் புத்தகங்களில் வரும் வெயில் நாளில் ஐஸ்கிரீம் உண்டு, மலைவாசத் தலம் உண்டு; உப்பளம் இல்லை. அம்மாவின் வெயிலை ஆங்கிலத்தில் எழுத முடியுமா என்று பார்த்தேன். முதலில் ஒரு சொல் தேவைப்பட்டது. வெள்ளை உப்பின் மேல் வெயில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கூசவைக்கும் அந்த ஒளிக்கு ‘க்ளேர்’ என்று பெயர். அந்தச் சொல் கிடைத்ததும் மற்றவை வந்துவிட்டன. ‘தி ஸன் பீட்ஸ் டௌன் ஆன் தி ஸால்ட் பேன்ஸ். தேர் இஸ் நோ ஷேட் எனிவேர். தி க்ளேர் ஹர்ட்ஸ் மை மதர்ஸ் ஐஸ். ஷி ஸ்டார்ட்ஸ் வொர்க் பிஃபோர் டான், பிகாஸ் பை நைன் தி ஹீட் இஸ் அன்பேரபிள்.’ நான்கு வாக்கியங்கள். ஒரு ‘வெரி’ கூட இல்லை. உப்பளத்துக்கு ஆங்கிலத்தில் ‘பேன்’, அதாவது வாணலி என்றே பெயர் என்பதையும் கவனியுங்கள். மறுபடியும் அடுக்களைக்கே வந்துவிட்டோம்.

இதைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எல்லாஞ் சரி. ஆனா ஏட்டி, வெயிலு காயலன்னா உப்பு ஏது? கூலிதான் ஏது? அதையும் எழுது” என்றார்கள். அது உண்மை. மழை வந்தால் பாத்தியில் உப்பு கரையும், வேலை நிற்கும். ஊரெல்லாம் ‘பேட் வெதர்’ என்று வாடும் நாள் உப்பளத்துக்கு ‘குட் வெதர்’. ஆகவே ஐந்தாவது வாக்கியம் ஒன்றையும் சேர்த்தேன்: ‘பட் வித்தவுட் திஸ் ஹீட் தேர் வுட் பி நோ ஸால்ட், அண்ட் நோ வேஜஸ்.’ ஆசிரியை அதன் கீழ் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் ‘குட்’ என்று எழுதியிருந்தார்கள்.

கடைசியாக, வெயில் தணிவதைப் பற்றி. ஆஸ்திரேலியர்கள் வெயிலில் நம்மையும் மிஞ்சியவர்கள். அந்நாட்டின் மேற்கில் உள்ள மார்பிள் பார் என்னும் ஊரில் 1923 அக்டோபர் 31 முதல் 1924 ஏப்ரல் 7 வரை 160 நாட்கள் தொடர்ந்து 100 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையவேயில்லை. வெக்கைக்குப் பின் தெற்கிலிருந்து வரும் குளிர்காற்றை அவர்கள் ‘எ கூல் சேஞ்ச்’ என்பார்கள். பெர்த் நகரில் பிற்பகலில் வீசும் கடற்காற்றுக்கு ‘ஃப்ரீமாண்டில் டாக்டர்’ என்றே பெயர். நோயாளியைப் பார்க்க மருத்துவர் வருவது போல் அது வருகிறதாம். நம் கடற்காற்றுக்கும் இப்படி ஒரு பட்டம் கொடுக்கலாம்.

மண்வாசனைக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் நெடுங்காலம் இல்லை. 1964-இல் இஸபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்னும் இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ‘பெட்ரிகோர்’ என்று புதிதாக ஒரு சொல்லை உண்டாக்கினார்கள். கிரேக்க மொழியில் கல்லையும், தேவர்களின் உடலில் ஓடும் நீரையும் சேர்த்துச் செய்த சொல். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் நகரத்தார் அதற்கு முன்பிருந்தே சுட்ட மண்ணிலிருந்து அந்த வாசனையை வடித்து அத்தராக விற்றுவந்தார்கள். ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஜன்னல் வழியே முதல் தூறலின் வாசம் வந்தால், பக்கத்தில் இருப்பவளிடம் ‘பெட்ரிகோர்’ என்று சொல்ல வேண்டாம். ‘ஐ கேன் ஸ்மெல் தி ரெயின்’ என்றால் போதும்.